இரண்டு மா

அத்தியாயம் 11

சின்னவள் கொண்டுவந்த சூட்கேஸ் பெரியது. தூக்கியபோதுதான் தெரிந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

"என்னம்மா, காத்தை அடைச்சு எடுத்துட்டு வந்திருக்கே?" என்றார் அவளுடைய அப்பா, நாற்காலியில் இருந்தபடியே.

"போறப்ப நிரம்பிடும்ப்பா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. மாப்பிள்ளை சூட்கேஸைச் சுவரோரம் நிறுத்தினான். நடைவழியில் பாதியை அது அடைத்துக்கொண்டது.

அந்த வீட்டில் இப்போது இரண்டே பேர். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்துவிட்டு ஓய்வு பெற்ற மாமனார். கண்ணாடிக்கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற மாப்பிள்ளை. இருவரையும் உறவாக்கியவள் பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தலைவலி என்று படுத்தாள். மதியம் இல்லை.

சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். மாமனார் மட்டும் போகவில்லை. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் மாப்ளே" என்றார். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

அவருக்குப் பார்க்கின்சன். ஆறு வருடமாக. இடது கை நடுங்கும். நடக்கும்போது திடீரென்று கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று வாரத்துக்கு முன்னால் குளியலறை வாசலில் அப்படி ஒட்டிக்கொண்டு விழுந்தார். பெரிய அடி இல்லை. ஆனால் விஷயம் வெளியூரில் இருக்கிற சின்ன மகளின் காதுக்குப் போய்விட்டது.

"டாக்டர் ரிப்போர்ட் வரட்டும் அத்தான்" என்றாள் போனில். "வீட்ல வெச்சுக்கலாம்னா வெச்சுக்கோங்க. மோசமாகுதுன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அதுல பேச்சே இல்ல."

சரி என்றான். வேறென்ன சொல்ல? பகல் முழுக்க அவரைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவன் அவன். நியாயம் அவள் பக்கம்தான்.

ஆனால் மாமாவும் போய்விட்டால் அந்த வீட்டில் 'அவ' என்று சொல்ல ஆளிருக்காது. 'அவ இந்த டப்பாவை எங்க வெச்சா?' என்பார் மாமா. யார் என்று கேட்க வேண்டியதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் இருக்க வேண்டும்.

இன்றைக்கு ரிப்போர்ட்.

சாப்பாட்டு மேசையில் இரண்டு சின்ன சார்ஜர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் பட்டைகள். மணிக்கட்டுக்கு ஒன்று, கணுக்காலுக்கு ஒன்று. சின்னவள் குனிந்து பார்த்தாள்.

"இதென்ன, ரெண்டு செட்டு? ரெண்டுலயும் 'மா'ன்னு எழுதியிருக்கு?"

மாமனார் முகத்தில் அப்போதுதான் களை வந்தது. "அது பெரிய கதை. ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு. பட்டையைக் கையில மாட்டினா கை கால் அசையறதெல்லாம் தானா பதிவாகி ஆஸ்பத்திரிக்கே போயிடுமாம். எவ்வளவு நடுங்குது, எத்தனை அடி நடக்கறேன், எப்ப கால் ஒட்டுது, எல்லாம். ஏழு நாள். ஸ்டிக்கர் ஒட்டணும், வீட்ல எப்படிக் கூப்பிடுவாங்கன்னு கேட்டுச்சு. மாமான்னேன். நகத்தளவு ஸ்டிக்கர். 'மா'ன்னு எழுதிச்சு."

"சரி, இன்னொண்ணு?"

"நோய் இல்லாத ஆளோடதும் வேணுமாம், ஒத்துப் பாக்க. மறுநாள் இவருக்கு ஒரு செட்டு குடுத்துச்சு. உங்களை என்னன்னு கூப்பிடுவாங்கன்னு கேட்டுச்சு."

"மாப்ளே" என்றாள் சின்னவள். சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

"நாங்க சளைச்சவங்களா? என் விசில் கயித்துல ஒரு துண்டு வெட்டிக் கட்டிட்டோம். பச்சைக் கயிறு இருந்தா மாமா. மொட்டையா இருந்தா மாப்ளே."

பட்டைகளைத் திருப்பிக் கொடுக்கப் பெட்டியில் எடுத்து வைத்தார்கள். கிளம்பினார்கள். வாசற்படியில் மாமாவின் கால் ஒட்டிக்கொண்டது. உடம்பு முன்னால் சாய்ந்தது, பாதம் வரவில்லை. சின்னவள் பதறி அக்குளில் கைகொடுக்கப் போனாள்.

"இழுக்காதே" என்றான் மாப்பிள்ளை. பக்கத்தில் நின்று, அவசரமில்லாமல் சொன்னான். "லெஃப்ட்."

இடது கால் எழுந்தது.

"ரைட். லெஃப்ட். ரைட்."

மாமா படி தாண்டி அணிவகுப்புபோல நடந்தார். சின்னவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

*

டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். அளந்து பேசுகிறவர். மேசையில் இருந்த திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். பட்டைகளைக் கொடுத்த டெக்னீஷியன் பெண் பக்கத்தில் நின்று சுட்டியைப் பிடித்திருந்தாள். மாமா நடுவில், சின்னவள் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம்.

"மொதல் மூணு நாள் நான் எதிர்பார்த்ததுதான்" என்றார் டாக்டர்.

திரையில் புல் முளைத்த மாதிரி கோடு. மாத்திரை போட்ட முக்கால் மணியில் புல் படுத்தது. மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எழுந்தது.

"இது நடுக்கம். இது மாத்திரை வேலை செய்யற நேரம். சரியா? இப்ப நாலாம் நாளைப் பாருங்க."

புல் இல்லை.

"நடுக்கமே இல்ல. ஏழாம் நாள் வரைக்கும் இல்ல."

சின்னவள் அப்பாவின் தோளைப் பிடித்தாள். "நல்லாயிட்டாரா டாக்டர்?"

"இந்த நோய்ல அப்படி ஆகாதும்மா. அதான் புரியல. அதுவும் இல்லாம, வேற ஒண்ணு வந்திருக்கு. அது எனக்குப் பிடிக்கல."

டெக்னீஷியன் சுட்டியை நகர்த்தினாள். கோடு நேராக ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"சாயங்காலம் ஆறே முக்கால். இங்க ஒன்பதே கால். நடுவுல ரெண்டரை மணி நேரம். கை அசையல, கால் அசையல. மொதல்ல பட்டையைக் கழட்டி வெச்சுட்டார்னு நெனச்சோம். ஆனா தோல் சூடு பதிவாகியிருக்கு. கையிலதான் இருந்திருக்கு. தூங்கவும் இல்ல, தூங்கினா இடையில புரளுவாங்க. நாலு நாளும் இதே நேரம், இதே மாதிரி." டாக்டர் மாமாவைப் பார்த்தார். "மாஸ்டர், அந்த நேரம் என்ன பண்றீங்க?"

மாமா தரையைப் பார்த்தார்.

சின்னவள் மெல்லத் திரும்பினாள். மாப்பிள்ளையின் பக்கம்.

"அத்தான். அந்த நேரம் நீங்க வீட்லதானே இருப்பீங்க?"

"இருப்பேன்."

"ரெண்டரை மணி நேரம் ஒரு மனுஷன் கல்லாட்டம் உக்காந்திருக்காரு. நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க? என்னன்னு ஒரு வார்த்தை கேக்கலையா? எங்க அக்கா இருந்தா இப்படி விட்டிருப்பாளா?"

கடைசி வார்த்தை நாக்கிலிருந்து விழுந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. உதட்டைக் கடித்தாள்.

அவனுக்கு அது வலிக்கவில்லை. அவன் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தான். ஆறே முக்காலுக்கு மாமா உட்கார்ந்ததே இல்லையே. குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். பாத்திரம் உருளும். செருப்பு தேயும், நிற்கும், மறுபடி தேயும். அந்தச் சத்தமெல்லாம் கேட்கிற இடத்தில் யாரோ உட்கார்ந்திருப்பார்களே, செருப்பு வைக்கும் பெட்டி பக்கத்து நாற்காலியில், சட்டைகூட மாற்றாமல்...

"டாக்டர்" என்றாள் டெக்னீஷியன் பெண். குரல் கம்மியிருந்தது. "இவர் காலையில எட்டு நாப்பதுக்கு பஸ்ல போறாரு."

"யாரு?"

"இந்த ஃபைல்ல இருக்கறவரு. இருபத்திரெண்டு நிமிஷம் பஸ்ஸு. குலுங்கறது நல்லாத் தெரியுது. அப்புறம் சாயந்திரம் வரைக்கும் மணிக்கட்டு சின்னச் சின்னதா சுத்துது. ஏதோ தேய்க்கற மாதிரி."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மாஸ்டர், நீங்க பஸ்ல போவீங்களா?"

"பஸ்ஸா? எனக்கு பாத்ரூம் போறதே வெளியூர்ப் பயணம்."

யாரும் சிரிக்கவில்லை. டெக்னீஷியன் இன்னொரு ஃபைலைத் திறந்தாள். நோயில்லாத ஆளுடையது. நாலாம் நாள். அங்கே இருந்தது புல். அடர்த்தியாக, மாத்திரைக்குப் படுத்து, எழுந்து.

"ஐயோ. மாறிப்போச்சு. ரெண்டுலயும் நான் 'மா'ன்னு எழுதிட்டேன். என் தப்பு டாக்டர்."

"அவ்வளவுதானா?" சின்னவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "உயிரே போயிடுச்சு. அப்ப அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. பட்டைதான் மாறியிருக்கு. இந்த ரெண்டரை மணி நேரம் உக்காந்திருக்கறது அப்பா இல்ல, அது..."

நின்றுவிட்டாள்.

திரையில் நேர்கோடு இன்னும் இருந்தது.

"அத்தான்" என்றாள். "நீங்களா?"

அவன் தலையசைத்தான். மறுக்க என்ன இருக்கிறது? இரண்டரை மணி நேரம் என்று அவனுக்கே தெரியாது. வந்து உட்காருவான். கொஞ்ச நேரத்தில் மாமா சாப்பிடக் கூப்பிடுவார். கொஞ்ச நேரம் என்றுதான் நினைத்திருந்தான்.

"இங்க பாருங்க டாக்டர்" என்றாள் டெக்னீஷியன். இரண்டு கோடுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தாள். "இவர் அசையாத நேரத்துலதான் மாஸ்டர் அதிகமா நடக்கறாரு. பதினாலு அடி. நிக்கறாரு. திரும்ப பதினாலு அடி. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடியும். தினமும்."

சமையலறை வாசலிலிருந்து அந்த நாற்காலி வரைக்கும், மாமாவின் குட்டி அடியில் அளந்தால், பதினான்கு இருக்கும். வந்து பார்த்திருக்கிறார். நின்றிருக்கிறார். திரும்பிப் போயிருக்கிறார். ஒருநாளும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போதுதான் கயிறு ஞாபகம் வந்தது.

"மாறிப்போக வழியில்லையே" என்றான். "பச்சைக் கயிறு கட்டியிருந்தோம். நான் மொட்டைப் பட்டையைத்தான் போட்டேன். ஏழு நாளும்."

சொல்லும்போதே நாலாம் நாள் காலை கண்முன் வந்தது. 'குடுங்க மாப்ளே, நான் மாட்டி விடறேன்' என்று மாமா பட்டையை வாங்கிக்கொண்டார். நடுங்கும் விரலால் கொக்கியைப் போட ஐந்து நிமிடம் ஆனது. பஸ் போய்விடும் போலிருந்தது. ஆனாலும் கையை நீட்டிக்கொண்டு நின்றான். பாசம் என்று நினைத்தான். பட்டை இறுக்கமாக இருந்தது. மெலிந்த மணிக்கட்டுக்கு வைத்த துளை. அடுத்த துளைக்குத் தளர்த்திவிட்டு ஓடினான்.

"மாமா. கயித்தை அவிழ்த்து மாத்திக் கட்டினீங்களா?"

மாமா தலை நிமிர்த்தினார். "ஆமா."

"அப்பா!" சின்னவள் எழுந்துவிட்டாள். "எங்கிட்ட வரக்கூடாதுன்னு டாக்டரையே ஏமாத்தினீங்களா? அவரோட நல்ல கையைக் காட்டி நல்ல ரிப்போர்ட் வாங்கிடலாம்னா? சின்னப் பசங்க பரீட்சையில பாத்து எழுதற மாதிரி! அவ்வளவு வேண்டாதவளா நான்?"

"உக்காரும்மா."

"நான் உக்காரல."

"நான் அப்படிப்பட்ட பசங்களைப் பிடிச்சவன்மா. காப்பி அடிக்கத் தெரியாதவன் இல்ல. நல்ல ரிப்போர்ட் வேணும்னா நல்ல கையா பாத்து எடுத்திருப்பேன்."

அறை அசையாமல் இருந்தது. அவருடைய இடது கை மட்டும் மடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றீங்க மாஸ்டர்?" என்றார் டாக்டர்.

"இருபத்தாறு வருஷம் நான் வேற எதுவும் பாக்கல. நடையைத்தான் பாத்தேன். முன்னூறு பேர் நடந்தா எவன் கையை வீசலைன்னு தூரத்துலேர்ந்தே சொல்லுவேன். இவர் இடது கையை வீசறதில்ல. ஏழு மாசமா. வலது கை போகுது, வருது. இடது கை அப்படியே நிக்குது." மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. தோள்பட்டை பிடிச்சிருக்குன்னு ரெண்டு வருஷம் தைலம் தேய்ச்சேன்."

மாப்பிள்ளை தன் இடது கையைப் பார்த்தான். அது தொடையின் மேல் இருந்தது. வேறு யாருடையதோ போல இருந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே மாமா."

"மூணு தடவை சொன்னேன். 'ஒண்ணுமில்ல மாமா'ன்னீங்க. மூணு தடவையும் அதே ரெண்டு வார்த்தை. இந்தப் பொண்ணு அன்னிக்கு என்ன சொல்லிச்சு? 'உங்களோடதை யாரும் தனியா உக்காந்து பாக்க மாட்டாங்க சார், மொத்தமா கணக்குல சேர்த்துடுவோம்'னு சொல்லிச்சு. யாரோடதைப் பாப்பாங்க? நோயாளியோடதைத்தானே? அதான்..."

அவர் அவன் பக்கம் திரும்பினார். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அவர் அவனை ஒருமையில் கூப்பிட்டதில்லை.

"வாடான்னா நீ வர மாட்டே. அதான் உன் கையை மட்டும் அனுப்பினேன்."

*

டாக்டர் முதலில் சொன்னது இதுதான்: "இந்தப் பட்டையை வெச்சு யாருக்கும் நோய்னு சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது."

முப்பத்திரண்டு வயதில் அது மிக அபூர்வம் என்றார். தோள்பட்டையாக இருக்கலாம், கழுத்தாக இருக்கலாம். துக்கம் ஒரு ஆளை அப்படியே உறைய வைக்கும், அதற்கும் வைத்தியம் இருக்கிறது என்றார். "ஆனா மாஸ்டர் இவ்வளவு கஷ்டப்பட்டு உங்க கையை அனுப்பியிருக்காரு. மீதி ஆளும் வந்தாச்சு. கொஞ்சம் நடந்து காட்டுங்க."

வெளியே தாழ்வாரத் தரையில் பத்து மீட்டருக்கு மஞ்சள் கோடு போட்டிருந்தது. வழக்கமாக மாமா நடக்கிற கோடு. இன்றைக்கு மாமா நாற்காலியில். அவன் கோட்டின் மேல்.

நடந்தான். ஒரு கையை நினைத்துக்கொண்டு நடப்பது எப்படி என்று தெரியவில்லை. நினைத்தால் அதிகமாக வீசியது. மறந்தால் நின்றது. இரண்டாவது நடையில், மறந்துவிட்டான்.

"பாருங்க" என்றார் மாமா, டாக்டரிடம். குரலில் பெருமை இல்லை.

கை முழங்கையில் லேசாக மடிந்து, உடம்போடு ஒட்டி, அப்படியே வந்தது.

சின்னவள் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் இருந்த வேகமெல்லாம் வடிந்திருந்தது.

"டாக்டர்" என்றாள். "எங்க அக்கா அந்தப் பக்கம்தான் நடப்பா."

எல்லோரும் திரும்பினார்கள்.

"எப்பவும் இடது பக்கம். இவர் கையைக் கோத்துக்கிட்டு. கல்யாண ஆல்பத்துலேர்ந்து கடைசியா எங்க வீட்டுக்கு வந்த நாள் வரைக்கும். கை மடங்கியிருக்கு பாருங்க. அது அவளுக்கு வெச்சிருக்கற இடம். நோயெல்லாம் இல்ல."

மாமாவின் முகம் தளர்ந்தது. இது அவருக்குத் தோன்றவே இல்லை போலும். முன்னூறு பேர் நடையைப் பார்த்தவர், பக்கத்தில் இல்லாத ஆளைப் பார்க்க விட்டுவிட்டார்.

"அப்படியும் இருக்கலாம்" என்றார் டாக்டர். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "நெஜமாவே இருக்கலாம்மா."

மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்தான். சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இடது பக்கம். அவன் கையைத் தொடவில்லை.

"உள்ள நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அத்தான்."

"பரவால்ல."

"எல்லாத்துக்கும் 'பரவால்ல', 'ஒண்ணுமில்ல'. இன்னும் எத்தனை வார்த்தை வெச்சிருக்கீங்க?" மூக்கை உறிஞ்சினாள். "அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். யாரு யாரைப் பாத்துக்கறீங்கன்னே தெரியல. ரெண்டு பேரையும் அந்த சூட்கேஸ்ல அடைக்க முடியாது."

"என்னை மடிச்சு வெச்சா கொள்ளும்" என்றார் மாமா. "மாப்ளே கொஞ்சம் நீளம்."

பழையபடி மாப்ளே. டெக்னீஷியன் பெண்கூடச் சிரித்துவிட்டாள். தாழ்வாரமே லேசான மாதிரி இருந்தது.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு" என்றார் டாக்டர், எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு. "இது வழக்கமா எல்லாருக்கும் பண்றது. ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் தட்டுங்க. நல்லா அகலமா விரிச்சு, எவ்வளவு வேகமா முடியுமோ. மொதல்ல வலது."

தட்டினான். லென்ஸைப் பிடித்துப் பழகிய விரல். டக்டக்கென்று ஒரே அளவில் இருபது தடவை.

"போதும். ரொம்ப நல்லாருக்கு. இப்ப இடது."

இடது கையைத் தூக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. வலதைப் போலவேதான் இருந்தது. ஐந்து, ஆறு. சின்னவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஏழு. எட்டில் விரல்கள் முன்போல விரியவில்லை. அவன் விரிக்கத்தான் நினைத்தான். பத்தில் பாதி அகலம். பன்னிரண்டில் நகத்தளவு. கட்டளை போகிறது, வழியில் எங்கேயோ நின்றுவிடுகிறது. விரலும் விரலும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு, அப்படியே நின்றன.

இந்தக் கையைக் கோத்துக்கொண்டு யாரும் நடந்ததில்லை என்பதுபோல அதைப் பார்த்தான்.

டாக்டர் மூடியிருந்த பேனாவைத் திறந்தார்.

சின்னவளின் கைப்பை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

மாமா நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார். நடுங்கும் தன் இடது கையை நீட்டி, நின்றுபோன அந்த விரல்களுக்குக் கீழே வைத்தார். பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. அவசரமில்லாமல் சொன்னார்.

"லெஃப்ட்."

விரல் அசையவில்லை.

"லெஃப்ட்" என்றார் மறுபடியும்.